கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் தொழிலும் சொத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும் நூலகக் கிளைகளிலும் பழைய தமிழ்த் திரையுலகைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். யாரைப் பற்றிப் பேசினாலும், கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி இரண்டு கை மாறுவதற்குள் பேச்சு பணத்துக்கு வந்துவிடும். என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றிப் பேசும் நாள்களில் முதல் கேள்வியே பெரும்பாலும் அதுதான். அவர் வாரி வழங்கியவர் என்று கேட்டே வளர்ந்த மூத்தவர்களும், கைப்பேசியில் ஓடும் துண்டுக் காணொளிகளில் மட்டும் அவரைக் கண்ட இளையவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொன்ன விடைகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

கலைவாணர் யார்? அவரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிறந்து, சென்னையில் 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், 49 வயது நிரம்பும் முன்பே மறைந்தவர். வில்லுப்பாட்டு, நாடகம், திரைப்படம் ஆகிய மூன்றிலும் நகைச்சுவையையே தொழிலாகக் கொண்டவர். நூறு படங்களுக்கு மேல் நடித்தார். படங்களை இயக்கினார், தயாரித்தார். ‘கலைவாணர்’ என்ற பட்டத்தை 1947இல் அவருக்கு வழங்கியவர், தமிழ் நாடக உலகின் மூத்தவரான பம்மல் சம்பந்த முதலியார்.

அவர் வறுமையில் பிறந்தவர் என்பது உண்மையா, அல்லது பின்னாளில் சேர்த்த அலங்காரமா?

உண்மைதான். டென்னிஸ் ஆட்டக்களத்தில் பந்து பொறுக்கிப் போட்டும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும் காசு தேடிய சிறுவன் அவர். கொட்டகைக்குள் விற்பனைக்காக நுழைந்தவன் மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான் என்று சொல்வது எளிது. ஆனால் அவரை வளர்த்த முதல் பள்ளி அவர் ஊர்ப் பக்கத்து வில்லுப்பாட்டு. கதையை நிறுத்தி நிறுத்திச் சொல்வதும், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ போடுவதும், பாட்டும் பேச்சும் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதுமான அந்த வடிவத்தைக் கடைசிவரை அவர் கைவிடவில்லை. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து தொழில் கற்றார்.

அவரை நடிகர் என்பதா, எழுத்தாளர் என்பதா?

இரண்டும்தான். சொத்து பற்றிய கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த இரட்டைத் தன்மையில் இருப்பதால், இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் நடித்த ‘மேனகா’ 1935இலும், எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’ 1936இலும் வெளிவந்தன. பின்னது எம்.ஜி.ஆரின் முதல் படம் என்பதால் பலரும் அறிந்தது. அந்தக் காலத்துக் கதைகளில் நகைச்சுவை நடிகருக்கு என்று தயாரிப்பாளர் எதையும் எழுதி வைத்திருப்பதில்லை. புராணக் கதையோ குடும்பக் கதையோ நடந்துகொண்டிருக்கும். இடையிடையே ரசிகர் சிரிப்பதற்கு ஏதாவது வேண்டும், அந்த ‘ஏதாவது’ என்ன என்பதை நடிகரே கொண்டுவர வேண்டும். கிருஷ்ணன் அந்த வெற்றிடத்தைத் தன் சொந்த நிலமாக எடுத்துக்கொண்டார். தன் பகுதிக்குரிய கதையையும் உரையாடலையும் தாமே உருவாக்கினார். தமக்குப் பழகிய நடிகர்களைச் சேர்த்துக் குழுவாக வைத்துக்கொண்டார்.

எழுத்திலும் அவர் தனித்து இயங்கவில்லை. உடுமலை நாராயண கவி அவருக்காகப் பல பாடல்களை எழுதினார். பின்னாளில் வில்லிசைக்குப் பெயராகவே ஆகிப்போன சுப்பு ஆறுமுகத்தை இளம் வயதிலேயே சென்னைக்கு அழைத்து வந்து தம்மோடு வைத்துக்கொண்டவரும் கலைவாணர்தான். ஆகவே ‘எழுத்தாளர்’ என்ற சொல்லை இங்கே தனி அறையில் அமர்ந்து எழுதுபவர் என்று கொள்ளாமல், ஒரு பட்டறையின் தலைமைத் தச்சர் என்று கொண்டால் பொருத்தமாக இருக்கும். மரம் யாருடையதாக இருந்தாலும் அளவு சொன்னவர் அவர். நந்தனார் சரித்திரத்தின் கதாகாலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டு, படிப்புக்காக ஊரைவிட்டு நகரத்துக்குப் போகும் ஒடுக்கப்பட்ட சிறுவனின் கதையாக மாற்றிய ‘கிந்தனார்’ அந்தப் பட்டறையின் மிகச் சிறந்த சரக்கு என்பது என் கருத்து. கோயிலுக்குள் நுழையத் துடித்த நந்தனுக்குப் பதிலாகப் பள்ளிக்குள் நுழையத் துடிக்கும் கிந்தன். அந்த ஒரு மாற்றத்திலேயே நகைச்சுவையும் அரசியலும் அடங்கிவிட்டன.

அவருக்குப் பணம் எந்த வழிகளில் வந்தது?

நான்கு வழிகளில் வந்தது. படத்தில் நடிப்பதற்கான ஊதியம் முதலாவது. நகைச்சுவைப் பகுதி முழுவதையும் தம் குழுவோடு ஏற்றுச் செய்து கொடுத்ததற்கான தொகை இரண்டாவது. கட்டடத் தொழிலில் ‘காண்ட்ராக்ட்’ எடுப்பது போன்ற ஏற்பாடு இது. தயாரிப்பாளர் மொத்தமாகப் பேசிவிடுவார். எழுத்து, ஒத்திகை, உடன் நடிப்பவர்கள் ஆகிய எல்லாமே கிருஷ்ணனின் பொறுப்பு. நாடகமும் வில்லுப்பாட்டும் மூன்றாவது. நான்காவது, சொந்தப் படத் தயாரிப்பு.

இந்த இரண்டாவது வழியைத்தான் நான் கூட்டங்களில் அழுத்திச் சொல்வது. ஓர் அரங்கில் இதைச் சொன்னபோது, கட்டுமானத் துறையில் துணைக் குத்தகை எடுத்துத் தொழில் செய்யும் ஒருவர் எழுந்து, “அப்படியானால் ஆள் கூலி போக அவருக்கு என்ன நின்றிருக்கும்?” என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. கைக்கு வந்த தொகை முழுவதும் அவருடைய வருமானம் ஆகாது. ஒரு குழுவின் சாப்பாடு, தங்குமிடம், நோய்நொடி, தீபாவளித் துணி ஆகியவை எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். நாடகக் குழு மரபில் வளர்ந்தவர்களுக்குக் குழுவினர் வேலையாள்கள் மட்டும் அல்லர், வீட்டு மனிதர்கள். அடுத்த படம் வரும்வரை அவர்களைப் பட்டினி போட முடியாது.

இணையத்தில் அவருடைய ‘நிகரச் சொத்து’ இத்தனை கோடி என்று போட்டிருக்கிறார்களே? சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) எவ்வளவு வரும்?

அந்தத் தொகைகளைப் பொருட்படுத்த வேண்டாம். நிகரச் சொத்து என்றால் உடைமைகளின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து நிற்பது. உடைமைப் பட்டியலும் கடன் பட்டியலும் இல்லாமல் ஒரு பெயருக்கு எதிரே கோடிகளை எழுதுவது கிளி சோதிடம் போன்றது. கிளியாவது ஓர் அட்டையை எடுத்துக் காட்டும்.

வெள்ளியில் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு சொல்லலாம். அவர் புகழோடு இருந்த காலத்தில் மலாயா வெள்ளிக்கும் இந்திய ரூபாய்க்கும் பிரிட்டிஷ் பவுண்டை வைத்தே மதிப்பு நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஒரு மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்சுக்கும், ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்சுக்கும் சமம். அதாவது நம் தாத்தாக்கள் இங்கிருந்து ஊருக்கு அனுப்பிய ஒவ்வொரு வெள்ளியும் அங்கே ஏறக்குறைய 1 ரூபாய் 9 அணாவாகக் கையில் விழுந்தது. அன்றைய படத்தொகை எதையாவது நம்பகமான இடத்தில் படித்தால், இந்த விகிதத்தைக் கொண்டு அன்றைய வெள்ளிக்கு மாற்றிப் பாருங்கள். இன்றைய வெள்ளிக்கு மாற்ற முயல்வதில் பயன் குறைவு. அரிசி, தங்கம், வீடு ஆகிய மூன்றின் விலையும் மூன்று வேறு வேகத்தில் ஏறியிருப்பதால், எதைக் கொண்டு அளக்கிறோமோ அதற்கேற்ற விடைதான் வரும்.

அவரை ‘இந்தியாவின் சார்லி சாப்ளின்’ என்கிறார்களே, சாப்ளினைப் போலவே அவரும் பணக்காரராக இருந்தாரா?

இந்த ஒப்பீடு எனக்கு என்றுமே உவப்பானதாக இருந்ததில்லை. ஆனால் பணத்தைப் பொறுத்தவரை அது ஒரு வகையில் உதவுகிறது, இருவருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதால். சாப்ளின் தமக்கென்று ஒரு படப்பிடிப்புத் தளத்தைக் கட்டினார். 1919இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்தார். தம் படங்களின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஒரு படம் எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓடினாலும் அவருக்குப் பணம் வந்தது. கலைவாணரோ தம் சரக்கைப் பெரும்பாலும் ஒரே விலைக்கு விற்றுவிட்டார். படச்சுருளும் அதன் உரிமையும் தயாரிப்பாளரிடம் போயின. 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்து, சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தில் அவரும் இருந்தார். அந்த மூன்று தீபாவளி வசூலுக்கும் அவருடைய வருமானத்துக்கும் தொடர்பு கிடையாது.

அந்தத் தீபாவளியின்போது சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் ‘சியோனான்’ என்ற பெயரோடு இருந்தது. சென்னையிலிருந்து புதிய படச்சுருள் இங்கே வந்திறங்க வழியே இல்லை. போர் முடிந்து இங்குள்ளவர்கள் மீண்டும் தமிழ்ப் படம் பார்க்கத் தொடங்கிய நாள்களில், திரையில் சிரிக்கவைத்த அந்த மனிதர் சிறையில் இருந்தார்.

சிறைக்குப் போனாரா? அந்த வழக்கு அவருடைய செல்வத்தை அழித்துவிட்டதா?

‘இந்து நேசன்’ என்ற இதழை நடத்திவந்த லட்சுமிகாந்தன், திரைத்துறையினரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதிப் பலரின் பகையைத் தேடிக்கொண்டவர். 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறைந்தார். அதன் தொடர்பில் எம்.கே.தியாகராஜ பாகவதர், கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதாயினர். நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945ஆம் ஆண்டு மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்று, வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அது மறுபடியும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்ப, 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர்.

பணக் கணக்கில் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று செலவு: சென்னையிலிருந்து இலண்டன்வரை சென்ற வழக்கின் செலவு. மற்றொன்று வராமல் போன வரவு: புகழின் உச்சத்தில் இரண்டேகால் ஆண்டுக்கும் மேலாகப் படம் இல்லை. மாத ஊதியக்காரருக்கு இது நெருக்கடி என்றால், கைக்கு வந்ததைக் குழுவுக்கும் கேட்டவர்களுக்கும் பிரித்துக் கொடுத்துப் பழகியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே வழக்கில் சிக்கிய பாகவதர் வெளியே வந்து நடித்த ‘ராஜ முக்தி’ 1948இல் வெளியாகித் தோல்வி கண்டது. பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. கிருஷ்ணன் மீண்டார். பாகவதரின் மூலதனம் குரலும் நாயகத் தோற்றமும். அவை காலத்தோடு மாறும் ரசனையைச் சார்ந்தவை. கிருஷ்ணனின் மூலதனமான எழுத்தும் குழுவும் சிறைக்கு வெளியே உயிரோடு இருந்தன என்பதே நான் காணும் காரணம்.

அந்தக் காலத்தில் குழுவை யார் காப்பாற்றினார்கள்?

டி.ஏ.மதுரம். ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனே சென்றபோது கிருஷ்ணனுக்கு அறிமுகமாகி, வாழ்க்கைத் துணையாகவும் திரைத் துணையாகவும் ஆனவர். ‘என்.எஸ்.கே.–மதுரம்’ என்று ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் நம் மூத்தவர்களிடம் இன்றும் உண்டு. கணவர் சிறையில் இருந்தபோது, எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. பெயரிலேயே நாடகக் குழு நடத்தினார். அதே சகஸ்ரநாமத்தின் நாடகம் ஒன்று, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் ‘பைத்தியக்காரன்’ என்ற படமாகி 1947இல் வெளிவந்தது. விடுதலையாகி வந்த கலைவாணரும் அதில் இடம்பெற்றார். விதவை மறுமணத்தைப் பேசிய படம் அது.

கலைவாணரின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் மதுரத்தை அவருடைய ‘நகைச்சுவை இணை’ என்ற அளவில் கடந்து போய்விடுகிறார்கள். என் பார்வையில், அந்தத் தொழிலை நடுவில் அறுந்துபோகாமல் பிடித்து நிறுத்தியவர் அவர்தான்.

விடுதலைக்குப் பிறகு மீண்டும் சம்பாதித்தாரா?

சம்பாதித்தார்; சம்பாதித்ததைப் பணயமும் வைத்தார். அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ 1949இல் வந்தது; கிந்தனார் காலட்சேபம் அதில்தான் இடம்பெற்றது. சொந்தத் தயாரிப்பாக 1951இல் ‘மணமகள்’ படத்தை இயக்கினார். உரையாடல் கருணாநிதி, நாயகி பத்மினி. அடுத்த ஆண்டு சிவாஜி கணேசனை வைத்து ‘பணம்’ படத்தை இயக்கினார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணையாக இசையமைக்கத் தொடங்கியதும் அந்தப் படத்தில்தான். பிறகு ‘முதல் தேதி’, ‘ராஜா ராணி’, ‘மதுரை வீரன்’ என்று கடைசிவரை படங்கள் இருந்தன. படம் தயாரிப்பது அன்றும் இன்றும் வட்டியோடு ஓடும் பந்தயம். ஊதியம் வாங்கும் நடிகராக மட்டும் இருந்திருந்தால் அவர் கையில் அதிகம் மிஞ்சியிருக்கும்.

கொடை பற்றிய கதைகள் எல்லாம் உண்மையா?

எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. காந்தியடிகளுக்குச் சொந்தச் செலவில் நாகர்கோவிலில் நினைவுத் தூண் எழுப்பினார் என்பதைப் போன்றவை கண்ணால் காணக்கூடியவை. பெரியார், அண்ணா ஆகியோரோடு நெருங்கியிருந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாய்மொழியாக வரும் கதைகளில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது வருமான வரி அதிகாரியின் கதை. கணக்கில் ‘தர்மம்’, ‘தர்மம்’ என்று பல இடங்களில் எழுதியிருந்ததை ஐயுற்ற அதிகாரி, மகள் திருமணத்துக்கு உதவி வேண்டும் என்று ஒருவரை அனுப்பிச் சோதித்தாராம். கலைவாணர் தயங்காமல் கொடுக்க முன்வந்ததை அறிந்து, உங்களுக்குக் கிருஷ்ணன் என்பதைவிடக் கர்ணன் என்று பெயர் வைத்திருக்கலாம் என்றாராம். சொல்பவருக்கு ஏற்பத் தொகையும் உரையாடலும் மாறும். ஆனாலும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம், கொடை ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது என்பது. கணக்கே பாராமல் வாரி இறைத்தவர் என்ற படிமத்துக்கு அது ஒத்துவரவில்லை; கொடுத்ததையும் செலவு என்று பதிந்து வைத்த தொழில்காரர் ஒருவரை அது காட்டுகிறது.

அப்படியானால் அவர் ஏழையாகத்தான் இறந்தாரா?

‘ஏழை’ என்ற சொல் பொருந்தாது. இறக்கும் ஆண்டுவரை அவருக்கு வேலை இருந்தது. ‘அம்பிகாபதி’ 1957இல்தான் வந்தது. ஒழுகினசேரியில் ‘மதுர பவனம்’ என்ற பெயரில் பெரிய வீடு கட்டியவர் அவர். ஆனால் நின்று வருமானம் தரும் உடைமை எதுவும் அவருடைய தொழிலின் அமைப்பில் இருக்கவில்லை. வரவு அவர் உழைப்பைச் சார்ந்திருந்தது. அவர் உடல் நின்றபோது வரவும் நின்றது. செல்வந்தராக வாழ்ந்தவரின் குடும்பம் அடுத்த ஆண்டே நெருக்கடியைச் சந்திப்பது இப்படித்தான் நிகழ்கிறது.

இன்றும் அவருடைய படங்கள் ஓடுகின்றனவே, வாரிசுகளுக்குப் பணம் வருமா?

நடிகர் என்ற முறையில் வராது. இந்தியாவில் நடிப்போருக்கான உரிமை 1994ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது. திரைப்படத்தின் பதிப்புரிமை தயாரிப்பாளருக்குரியது. அதுவும் வெளியாகி 60 ஆண்டுகளில் முடிந்துவிடும். எழுத்துக்கு, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள். அவர் பெயரில் எழுத்துரிமை ஏதேனும் எஞ்சியிருந்திருந்தாலும் 2017ஆம் ஆண்டு முடிவோடு அது இந்தியாவில் காலாவதியாகியிருக்கும்.

சிங்கப்பூரில் நகைச்சுவை எழுதி நடிக்கும் நாங்கள் இதில் எதைக் கவனிக்க வேண்டும்?

மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதும் இளையர்கள் கேட்பது இது. எழுத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இங்குள்ள 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் ஊழியராக எழுதினால் வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. தன்னுரிமைத் தொழிலராக எழுதினால், ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்காதவரை உரிமை உங்களுக்கு. அந்த ஒரு வரியைப் படிக்காமல் கையொப்பமிட்டுவிட்டு, தன் நகைச்சுவைத் துணுக்கு வேறொருவர் வாயில் ஒலிப்பதைக் கேட்டுப் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்; அந்தப் பட்டியலில் நானும் ஒருவன்.

மற்றவை கணக்கு வேலை. தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மத்திய சேம நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் செலுத்தியாக வேண்டும். அந்த நிதியின் மற்றக் கணக்குகளில் போடுவது உங்கள் விருப்பம் என்பதால் பலரும் போடுவதில்லை. உழைப்பு நின்றால் வரவும் நிற்கும் தொழிலில் அது ஆபத்தானது. பேசிய தொகை வராவிட்டால், 20,000 வெள்ளிவரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. குழுவினருக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகைக்கு எழுத்துச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகவே தெரியும்.

எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

எழுதுபவர் என்றால் ‘நல்லதம்பி’, கிந்தனாருக்காக. நடிப்பவர் என்றால் ‘ராஜா ராணி’. சிரிப்பின் வகைகளை ஒரே பாட்டில் அடுக்கிச் சிரித்துக் காட்டும் காட்சிக்கு ஈடாக நடிப்புப் பயிற்சி ஏதும் எனக்குத் தெரியவில்லை. சொத்து பற்றிய ஆர்வத்தில் இதுவரை படித்து வந்தவர் என்றால் ‘பணம்’ படத்தில் பணத்தை எங்கே போய்த் தேடுவது என்று அவர் பாடும் காட்சியையும், ‘முதல் தேதி’யில் சம்பள நாள் தொடங்கி இருபதாம் தேதிவரை கொண்டாட்டம், பிறகு திண்டாட்டம் என்று நாள் எண்ணும் பாட்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.